தரைக்குள் இருக்கும் ஈரம்: புதுத் தரை போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கை வைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. வெறுங்காலோடு நடந்தும் பார்த்தேன். அந்த நம்பிக்கையில் ஓர் அறை முழுக்க வினைல் பலகைகளைப் பசை போட்டு ஒட்டினேன். வேலை முடிந்ததும் வாசலில் நின்று பார்த்தால் நமக்கே ஒரு பெருமை வருமே, அதுவும் வந்தது. நான்கு மாதம் கழித்து சுவரோரம் ஒரு பலகையை மிதித்தால் 'சப்' என்று ஒட்டி விடுகிற சத்தம், அப்புறம் கதவைத் திறந்தாலே நனைந்த சாக்கு வாடை. விளிம்பில் கத்தியை நுழைத்துத் தூக்கினால் பலகை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பசை மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழகொழவென்று கிடந்தது, விரலால் தொட்டு எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. சிமெண்ட் மேல் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளை உப்பு. அதைச் சரிசெய்யப் போய் இரண்டாவதாக ஒரு தப்பும் செய்தேன், அது கீழே வரும்.

தரை என்னை ஏமாற்றவில்லை, நான்தான் தப்பான இடத்தில் தொட்டுப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். அடியில் இருக்கும் ஈரம் அவற்றின் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தரை திறந்து கிடக்கும்வரை, ஏறுகிற வேகத்தில் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும், அதனால் மேற்பரப்பு எப்போதும் காய்ந்த மாதிரியே இருக்கும். அதன் மேல் வினைலோ லேமினேட்டோ போட்டு மூடிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை, மெல்ல மெல்ல மேற்பரப்பும் அடிப்பகுதி அளவுக்கே ஈரமாகிவிடும். ஒரு ரப்பர் மிதியடியை நாலைந்து நாள் நகர்த்தாமல் போட்டுவிட்டு ஒருநாள் தூக்கிப் பாருங்கள், சுற்றிலும் வெளுப்பாக இருக்கும் தரையில் மிதியடி அளவுக்குக் கருப்பாக ஒரு தடம் இருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். அந்த ஈரம் சும்மாவும் வருவதில்லை. கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை மிக அதிகம், புதிதாக இருக்கும்போது பிஹெச் 12க்கு மேல் போகும். ஈரம் அந்தக் காரத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே வந்து பசையைத் தின்றுவிடும். நான் விரலில் எடுத்த கொழகொழப்பு அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

எதைப் பூசலாம், எந்த ஷீட் விரிக்கலாம் என்று தேடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். தரையில் ஈரம் என்றால் பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: புதுக் கான்கிரீட்டின் சொந்தத் தண்ணீர், மண்ணிலிருந்து ஏறும் ஓதம், எங்கேயோ ஒரு கசிவு, இல்லாவிட்டால் காற்றிலிருந்து படியும் வியர்வை. சில வீடுகளில் இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும், அங்கேதான் தலைவலி.

புதுக் கான்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு அவசரமே வராது. 100 மி.மீ. கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ சிமெண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிமெண்ட் எடையில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கலந்தால் 15 லிட்டர். சிமெண்ட் இறுகுவதற்கு வேதியியல் முறையில் எடுத்துக்கொள்வது அதில் ஏறக்குறைய பாதிதான். மீதி ஏழு லிட்டர் சொச்சம் ஒவ்வொரு சதுர மீட்டருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் அறுபது லிட்டருக்கு மேல். அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும் என்றாலும் மிச்சம் மேற்பரப்பு வழியாக ஆவியாகித்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. கட்டுமானத்தில் சொல்லும் தோராயக் கணக்கு இது: முதல் 50 மி.மீ. கனத்துக்கு நாளொன்றுக்கு 1 மி.மீ. காயும், அதற்கு மேல் உள்ள கனம் காய அதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். 100 மி.மீ. தளத்துக்கு 50 நாளும் 100 நாளும் சேர்த்து ஐந்து மாதம். அதுவும் தண்ணீர் காட்டி ஆற்றும் நாட்கள் முடிந்து, கூரையும் ஜன்னலும் போட்டு, மழைத்தண்ணீர் உள்ளே வராத நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நடுவில் ஒரு மழை நன்றாக நனைத்துவிட்டால் கடிகாரத்தைத் திருப்பி வைத்த மாதிரிதான். 28 நாள் ஆகிவிட்டது, போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 28 நாள் என்பது கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கணக்கு, காய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம் வேறு மாதிரி. தளத்துக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் கட்டிய பழைய வீடுகளில் இது வருவது சாதாரணம். ஈரம் ஒரு மூலையில் மட்டும் இல்லாமல் தரை முழுக்கப் பரவி இருக்கும், மழைக்காலத்தில் கூடும், வெயில் காலத்தில் குறையும். சுவரின் அடிப்பகுதியிலும் பெயின்ட் உரிந்து காரை பொடியாக உதிரும், உப்பு பூக்கும். இதைப் பார்த்ததும் தரைக்கு உள்ளே தேடாமல் முதலில் வீட்டுக்கு வெளியே போய் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வெளிமண் மட்டம் வீட்டுத் தரை மட்டத்தை விடக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். தோட்டம் போடுகிறேன், நடைபாதை போடுகிறேன் என்று வருஷா வருஷம் மண்ணைக் கொட்டி, தரைக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோ கொண்டுவந்து வைத்திருப்பார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரமே கொட்டிக்கொண்டிருக்கும். மண்ணின் வாட்டம் வீட்டை நோக்கி இருக்கும். வீட்டை விட்டு விலகும் பக்கம் பத்தடி தூரத்துக்கு அரை அடியாவது இறக்கம் இருந்தால் மழைத்தண்ணீர் தானாகப் போய்விடும். மண்வெட்டியோடு இரண்டு நாள் வேலை, ஆனால் பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அதிலேயே அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கசிவு என்றால் ஈரம் ஓரிடத்தில் குவிந்திருக்கும், காலத்தைப் பார்க்காது, நாளாக ஆக வட்டம் பெரிதாகும். நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவா என்று பார்க்க மீட்டர் இருந்தால் சுலபம்: இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்து வையுங்கள், காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள், எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ போகிறது. ஆனால் கழிவுநீர்க் குழாய்க் கசிவை மீட்டர் காட்டாது. அதற்குத் தரை வடிகாலின் வாயைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கவிட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாள் பார்க்க வேண்டும். கோட்டை விட்டு நன்றாக இறங்கினால் குளியலறைத் தரை உறிஞ்சுகிறது. தரை தாங்கி நின்றால், அடைப்பை எடுத்துவிட்டு வடிகாலில் சாயம் கலந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிவிட்டு அடுத்த அறையில் அந்த நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று காத்திருக்க வேண்டும்.

நான்காவது, காற்றில் இருக்கும் ஈரம். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் தளம் குளிர்ந்தே இருக்கும், வெளியே திடீரென்று புழுக்கமான காற்று அடித்தால் அது தரையில் பட்டுக் குளிர்ந்து நீராகப் படிந்துவிடும். வழவழப்பான டைல்ஸில் கண்ணாடி போலத் தெரியும், காலை வைத்தால் வழுக்கும். இதற்குத் தரையைத் தோண்டவே தேவையில்லை. ஈரக்காற்று அடிக்கும் நேரத்தில் ஜன்னலை மூடி வைப்பது, காய்ந்த காற்று வரும்போது திறப்பது, ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைப்பது, இவ்வளவுதான்.

பாலித்தீன் ஷீட் சோதனை

கையில் ஒரு ஷீட்டும் டேப்பும் இருந்தால் போதும். கெட்டியான, உள்ளே பார்க்கக்கூடிய பாலித்தீன் ஷீட்டை 45 செ.மீ.க்கு 45 செ.மீ. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் பழைய பெயின்ட், மெழுகு, பசை எதுவும் இல்லாமல் சுரண்டி, தூசி துடைத்து, வெறும் கான்கிரீட் தெரியும் இடத்தில் வைத்து நான்கு பக்கமும் நல்ல டேப் போட்டு அழுத்தி ஒட்ட வேண்டும். மாஸ்கிங் டேப் வேண்டாம், ஈரம் பட்டால் அதுவே விட்டுவிடும். மூலைகளில் டேப் மேல் டேப் வரட்டும், ஓர் ஓட்டை இருந்தாலும் சோதனை வீண். நேர் வெயில் படும் இடத்தைத் தவிருங்கள். குறைந்தது 16 மணி நேரம் என்பது இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தர விதி, நான் மூன்று நாள் விடுவேன்.

ஒரு ஷீட் போதாது என்பதுதான் என் அனுபவத்தில் முக்கியமான விஷயம். வெளிச்சுவரோரம் ஒன்று, குளியலறைச் சுவரோரம் ஒன்று, அறை நடுவில் ஒன்று, கதவருகே ஒன்று என்று போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதியையும் நேரத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் பிரிப்பதற்கு முன் முதலில் மேலிருந்து தடவிப் பாருங்கள். ஷீட்டின் மேல்பக்கம் ஈரமாக இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. உள்பக்கம் முத்து முத்தாகத் துளிகள் நின்றால் தரையிலிருந்து வந்தது. துளி இல்லாமல் கான்கிரீட்டின் நிறம் மட்டும் சதுரமாகக் கருத்திருந்தாலும் ஈரம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

என் இரண்டாவது தப்பு இங்கேதான் வருகிறது. வினைலைப் பிரித்தவுடன், மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று நானே முடிவுகட்டி, ஈரம் மேலே வராமல் தடுக்கும் எபாக்ஸி என்ற பிசின் பூச்சுக்கான டப்பாக்களையும் வாங்கி வைத்துவிட்டேன். பூசுவதற்கு முந்தைய வாரம் ஏதோ ஒரு சந்தேகத்தில் நான்கு ஷீட்டை ஒட்டிப் பார்த்தேன். மூன்று சுத்தமாகக் காய்ந்து கிடந்தன. குளியலறைச் சுவரோரம் ஒட்டியதில் மட்டும், தூக்கினால் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடி டேப் ஓரத்தில் வடிந்தன. மீட்டர் ஒரு புள்ளிகூட நகரவில்லை. கடைசியில் பார்த்தால் குளியலறைத் தரை வடிகாலில் வாடை வராமல் தண்ணீர் தேக்கி வைக்கும் ட்ராப்புக்கும் குழாய்க்கும் நடுவில் இணைப்பு விட்டிருந்தது, குளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் அடுத்த அறைத் தளத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எபாக்ஸி போட்டிருந்தால் தண்ணீர் அங்கே அடைபட்டு அடுத்த சுவர் வழியாக ஏறியிருக்கும், நானும் சுவருக்கு என்ன பூசலாம் என்று தேட ஆரம்பித்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஷீட் சோதனை 'ஈரம் இருக்கிறது' என்று சொன்னால் நம்பலாம், 'இல்லை' என்று சொன்னால் முழுதாக நம்ப முடியாது. தளத்தின் ஆழத்தில் இருக்கும் ஈரம் மூன்று நாளில் மேலே வராமல் போகலாம், குளிர்காலத்தில் இன்னும் மெதுவாகத்தான் வரும். டைல்ஸ் போடுவதற்கு இந்தச் சோதனை போதும். விலை கூடிய மரத்தரையோ பசை போட்டு ஒட்டும் வினைலோ போடப் போகிறீர்கள் என்றால், துளையிட்டு உள்ளே ஈரப்பதம் அளக்கும் சோதனையை ஆள் வைத்தாவது செய்துவிடுங்கள். தளம் மேல்பக்கம் மட்டுமே காய்கிறது என்றால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போடுவார்கள், 100 மி.மீ. தளத்துக்கு 40 மி.மீ. துளையைத் தூசியில்லாமல் உறிஞ்சி எடுத்து, குழலைச் செருகி மூடி, ஒருநாள் விட்டு, உணரியை வைத்து அளப்பார்கள். மூடியபிறகு தரை எந்த நிலைக்கு வருமோ அதற்கு நெருக்கமான எண் அந்த ஆழத்தில்தான் கிடைக்கும். 75 சதவீத ஒப்பு ஈரப்பதம், அதாவது துளைக்குள் இருக்கும் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் முக்கால் பங்கு, என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை, ஆனால் சில பசைகள் 85க்கு மேலும் தாங்கும், அதனால் நீங்கள் வாங்கும் தரைப்பொருள், பசை இரண்டின் தாளிலும் போட்டிருக்கும் எண்ணில் எது குறைவோ அதையே எல்லையாக வையுங்கள்.

இரண்டு முள் கொண்ட சின்ன ஈரமானி பலர் கையில் இருக்கிறது. அது மரத்துக்காகச் செய்தது. கான்கிரீட்டில் வைத்தால் உப்பும் உள்ளே இருக்கும் கம்பியும் சேர்ந்து எண்ணை ஏற்றிக் காட்டும், அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அறை முழுக்க அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்து தரையிலேயே சாக்பீஸால் எண்ணை எழுதிக்கொண்டே போனால், எண்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்று தெரியும். கசிவு எந்தத் திசையில் என்று அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

காயவைப்பது

காரணம் புதுக் கான்கிரீட்டோ, சரிசெய்துவிட்ட கசிவோ என்றால் மருந்து பொறுமைதான். காற்று ஓட்டம் வேண்டும், அறை கதகதப்பாக இருக்க வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்தால் ஜன்னல் கதவெல்லாம் மூடியிருக்க வேண்டும், திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் ஊர்க்காற்றைக் காயவைத்துக்கொண்டிருப்பீர்கள். புதுக் கலவையை முதல் சில வாரங்களில் ஹீட்டர் வைத்து விரட்டக் கூடாது, மேல்பக்கம் சீக்கிரம் சுருங்கி ஓரங்கள் கிண்ணம் போல எழும்பிவிடும், வெடிக்கும். தரை மேல் சிமெண்ட் மூட்டை, பலகை, டைல்ஸ் பெட்டி எதையும் அடுக்கி வைக்காதீர்கள், அடியில் அந்த இடம் மட்டும் காயாமலே கிடக்கும். பழைய பெயின்ட், கார்ப்பெட் பசைப் படலம் இருந்தால் சுரண்டி எடுத்தால்தான் ஈரம் வெளியேறும். மறுபடி சோதனை செய்வதற்கு நான்கு நாள் முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலோட்டமாகக் காய்ந்ததைப் பார்த்து மறுபடி ஏமாறுவீர்கள்.

பழைய பசையைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வினைல் டைல்ஸிலும் அதன் அடியில் இருக்கும் கருப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் உடைக்காதீர்கள், கிரைண்டர் போடாதீர்கள், ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடுங்கள். வெறும் கான்கிரீட்டைத் தேய்த்தாலும் வரும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கிற விஷயம் இல்லை, நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் தூசி உறிஞ்சியோடு இணைந்த கிரைண்டரும் வேண்டும்.

வெள்ளை உப்பைக் கண்டதும் வாளித் தண்ணீரை எடுத்துக் கழுவுவார்கள். உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷால் தேய்த்து வேக்கத்தால் உறிஞ்சி எடுங்கள். ஈரம் நின்ற பிறகும் கொஞ்சநாள் பூக்கும், எடுத்துக்கொண்டே இருந்தால் குறைந்துவிடும்.

மண்ணின் ஈரத்தைத் தடுப்பது

வெளியே வாட்டத்தைச் சரிசெய்த பிறகும் தரை முழுக்க ஓதம் ஏறினால் தடுப்பு போட்டுத்தான் ஆக வேண்டும். தரை மட்டத்தை உயர்த்த இடம் இருந்தால், அதாவது கதவும் படியும் ஒத்துழைத்தால், எனக்குப் பிடித்தது ஷீட் வழி. பழைய தளத்தில் கூரான மேடுகளைத் தட்டிவிட்டு, தேவைப்பட்டால் மெல்லிசாக மணல் பரப்பி, 300 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஷீட்டோடு ஷீட் சேரும் இடத்தில் குறைந்தது 150 மி.மீ., முடிந்தால் 300 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வைத்து டேப் போட்டு, ஓரங்களைச் சுவரில் ஏற்றி விட்டு, மேலே புதுக் கலவை போடுவது. சுவருக்கு ஏற்கனவே ஓதம் தடுக்கும் அடுக்கு இருந்தால் ஷீட்டை அதோடு சேர்த்துவிட வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் ஈரம் அதையே கதவாக்கிக்கொள்ளும். ஷீட்டுக்கு மேல் போடும் கலவை பழைய தளத்தோடு ஒட்டாது, அதனால் மெல்லிசாகப் போட்டால் பொருக்காக உடையும், 50 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 65 நல்லது. அதுவும் காய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதை மறக்காதீர்கள்.

உயரம் ஏற்ற முடியாத இடத்தில் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு. இதில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் பூச்சால் தோற்பதில்லை, அதற்கு முந்தைய சுத்தத்தில் தோற்கிறார்கள். மேல்பால் எனப்படும், கான்கிரீட் மேல் படிந்த வழவழப்பான சிமெண்ட் படலத்தைத் தேய்த்து எடுத்து, தரை சொரசொரப்பாக, உள்ளே இருக்கும் மணல் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வர வேண்டும். பிறகு அங்கங்கே சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டால் சரி, முத்தாக உருண்டு நின்றால் அங்கே மெழுகோ பழைய சீலரோ இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். வேக்கம் போட்டு முடித்தபின் கருப்புத் துணியால் ஒரு துடை துடைத்துப் பார்ப்பது என் வழக்கம், துணி வெளுத்தால் இன்னும் தூசி இருக்கிறது.

எபாக்ஸியைப் பாதி டப்பா கலக்கலாம் என்று நினைக்காதீர்கள், விகிதம் கொஞ்சம் தவறினாலும் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். முழு டப்பாவையும் மெதுவாகச் சுற்றும் துளைப்பானில் கலக்கும் கம்பியை மாட்டி, அடியும் ஓரமும் சுரண்டி இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கலந்தவுடன் தரையில் கொட்டிவிட வேண்டும். டப்பாவிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே சூடேறி, புகைந்து, கல்லாகிவிடும். ரோலரால் முதல் பூச்சை ஒரு திசையில் இழுத்து, அது இறுகியதும், தயாரிப்பாளர் சொல்லும் நேரத்துக்குள், வழக்கமாக ஒரு நாளுக்குள், இரண்டாவது பூச்சைக் குறுக்கே இழுக்க வேண்டும். இரண்டு பூச்சும் இரண்டு நிறத்தில் கிடைத்தால் வாங்குங்கள், விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். ஊசித்துளை அளவு ஓட்டை போதும், ஈரம் அதன் வழியாக வந்து மேலே இருக்கும் தரையை ஒரு கொப்புளமாகத் தூக்கிவிடும். மட்டம் செய்யும் கலவை மேலே போடப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தாராளமாகத் தூவிவிடுங்கள், மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்துவிடலாம், கலவைக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். வரிசை முக்கியம்: முதலில் எபாக்ஸி, அதற்கு மேல் மட்டக்கலவை. மாற்றிப் போட்டால் மட்டக்கலவை ஈரத்தில் ஊறி, எபாக்ஸியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

இந்தப் பூச்சு எல்லாம் ஆவியாக ஏறும் ஈரத்துக்குத்தான். வெடிப்பில் தண்ணீர் கண்ணெதிரே ஊறி நிற்கிறது என்றால் அது அழுத்தத்தோடு வரும் நிலத்தடி நீர், எந்த ரோலரும் அதை நிறுத்தாது. சுற்றிலும் வடிகால், குழி, பம்பு என்று போக வேண்டிய வேலை, அதற்குத் தெரிந்தவரை அழைத்துவிடுங்கள். அதேபோல் மிகப் பழைய, கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீடுகளில் தரையை மட்டும் காற்றுப் புகாமல் அடைத்தால் ஈரம் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுச் சுவரில் ஏறும். அங்கே ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புத் தளமும் அதற்கு ஒத்துப்போகும் கல் தரையும்தான் நல்லது, நான் எபாக்ஸி பக்கமே போக மாட்டேன்.

மேலே என்ன போடுவது

ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்ற சந்தேகம் தீராவிட்டால் டைல்ஸ் போடுங்கள், சிமெண்ட் கலந்த பசையில். அதிகபட்சம் கிரவுட் கோடுகளில் உப்பு பூக்கும், துடைத்துக்கொள்ளலாம். வெளிர்நிறப் பளிங்கு வேண்டாம், அடி ஈரத்தில் பழுப்புத் திட்டு விழுந்தால் போகாது. லேமினேட்டின் உள்ளிருப்பு மரத்தூள் பலகை, ஒருமுறை ஊறினால் ஓரங்கள் உப்பி நின்றுவிடும், காய்ந்தாலும் இறங்காது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய வினைல் பலகைக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான், அடியில் இருக்கும் பசைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பசையில்லாமல் பூட்டிப் போடும் வகை என்றாலும் அடியில் பூஞ்சை வளர்ந்து வாடை வரும்.

லேமினேட் மாதிரி பசையில்லாமல் போடும் தரைக்கு அடியில் விரிக்கும் அடிவிரிப்பு வாங்கும்போது ஈரத்தடுப்பு அதிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் தனியாக இன்னொரு ஷீட் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது.

மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தரை என்றால் அந்த முள் ஈரமானிக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அடிப்பலகை 12 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது. புதுப் பலகைக்கும் அடிப்பலகைக்கும் வித்தியாசம், குறுகிய பலகை என்றால் 4 சதவீதத்துக்குள், மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமானது என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் அடியில் காற்றோட்டத் துளைகள் அடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள், வெறும் மண்ணாக இருந்தால் அதன் மேல் பாலித்தீன் ஷீட் விரித்துவிடுங்கள். புது மரத்தைக் கொண்டுவந்த அன்றே அடிக்காமல், போடப் போகும் அறையிலேயே கட்டுப் பிரித்து, எண்கள் நெருங்கும்வரை கிடக்கவிடுங்கள். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்துவிடலாம், மரமும் லேமினேட்டும் எப்படியும் கொஞ்சம் அசையும்.

என் அறைக்கு வருகிறேன். ட்ராப்பை மாற்றியபின் தரை காய மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆனது. முதல் மாதம் ஒட்டிய ஷீட்டில் துளி, இரண்டாவது மாதம் கருப்புத் தடம், மூன்றாவது மாதக் கடைசியில் ஷீட்டைத் தூக்கினால் எது ஷீட் ஒட்டிய இடம் என்று தேட வேண்டியிருந்தது. துளையிட்டும் அளந்தேன், பசையின் தாளில் போட்டிருந்த எண்ணுக்குக் கீழே வந்திருந்தது. அதற்கப்புறம்தான் புதுப் பலகைப் பெட்டிகளையே அறைக்குள் கொண்டுவந்தேன். குளியலறைச் சுவரோரம் ஒரே ஒரு பலகையை மட்டும் பசை போடாமல் செருகி வைத்திருக்கிறேன், மழை நாட்களில் அதைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்ப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.